'கோபால்ட் குண்டு' முதல் 'மல்பங்ஷன் 54' வரை

எங்கட ஊர்களில் புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை எடுப்பதை "கரண்ட் பிடிக்கிறது" என்றுதான் சொல்வார்கள். "அம்மாவுக்கு இருபத்தைஞ்சு கரண்ட் எழுதியிருக்கினம், பத்து முடிஞ்சுது" என்று யாராவது சொன்னால், கேட்கிற ஆள் மேலதிகமாக ஒன்றும் கேட்கமாட்டார். விளங்கிவிடும். ஆனால் அந்தச் சொல்லில் ஒரு பிழை இருக்கிறது. அந்த மேசையில் கிடக்கிறவரின் உடம்புக்குள் மின்சாரம் எதுவும் போவதில்லை. உலகம் முழுக்கப் பல ஆண்டுகள் பாவனையில் இருந்த கோபால்ட் இயந்திரத்தைப் பொறுத்தவரை, சிகிச்சை செய்கிற கதிர்களுக்கு மின்சாரமே தேவையில்லை. அது ஒரு உலோகத் துண்டில் இருந்து தானாக வருவது. நிற்பாட்டவும் முடியாது, மூடி வைக்கத்தான் முடியும்.

நாங்கள் கலைப்பீடப் பிள்ளைகள். ஓ.எல். விஞ்ஞானத்தோட பௌதிகவியலுக்குக் கும்பிடு போட்டவர்கள். இருந்தாலும் இந்த இயந்திரங்களின் வரலாற்றை வாசிக்கத் தொடங்கினபோது, இது எங்களுக்கும் உரிய விசயம்தான் என்று பட்டது. வழமையாக இந்தக் கதையை "பலம் கூடக்கூட சிகிச்சை நல்லாச்சு" என்ற மாதிரித்தான் சொல்கிறார்கள். எங்களுக்கு அப்படித் தெரியவில்லை. பலமான கதிர்கள் ஒப்பீட்டளவில் சீக்கிரமாகக் கிடைத்துவிட்டன. அவற்றை எங்கே படவிடுவது, எங்கே படாமல் மறைப்பது, எப்போது நிற்பாட்டுவது என்பதைக் கண்டுபிடிக்கத்தான் நூறு வருசம் எடுத்திருக்கிறது.

1895 நவம்பர் 8ஆம் திகதி ஜேர்மனியின் வூர்ஸ்பேர்க் நகரில் றொன்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டார். சில மாதங்களுக்குள்ளேயே வைத்தியர்கள் அவற்றைப் புற்றுக் கட்டிகளின் மீது பாய்ச்சிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். சிக்காகோவில் எமில் கிரப் என்பவர், 1896 ஜனவரியிலேயே தான் ஒரு மார்புப் புற்றுநோயாளிக்குச் சிகிச்சை கொடுத்ததாகப் பிற்காலத்தில் உரிமை கோரினார். அந்த உரிமைகோரல் பற்றி இன்னும் விவாதம் இருக்கு. விவாதமில்லாத விசயம், கதிர்களால் புண்ணாகி அவருடைய இடது கை பிறகு வெட்டி எடுக்கப்பட்டது என்பதுதான்.

அந்தக் காலக் குழாய்களின் பெரிய குறை, கதிர்கள் ஆழத்துக்குப் போகாமை. இரண்டு இலட்சம் வோல்ட் அளவில் இயங்கின குழாய்களிலும் தோலில்தான் அதிகமான சக்தி விழும். உள்ளே போகப்போகக் குறைந்துகொண்டே போகும். அடுப்பில் நெருப்பைக் கூட்டினால் பானையின் அடி கருகிவிடும், மேலே கிடக்கிற அரிசி வேகாது. அதே கதைதான். கருப்பைக் கழுத்திலோ நுரையீரலிலோ இருக்கிற கட்டிக்குப் போதுமான அளவு போக முதல் தோல் எரிந்துவிடும்.

இதற்கு முதலில் வந்த விடை இயந்திரத்தில் ஒரு ஆணியைக்கூட மாற்றவில்லை. பரிஸில் குளோட் றெகோ என்பவரின் குழு செம்மறிக் கடாக்களின் விரைகளில் பரிசோதனை செய்தது. ஓயாமல் பிரிந்துகொண்டிருக்கும் விந்துக் கலங்கள் புற்றுநோய்க் கலங்களைப் போல நடந்துகொள்ளும் என்பது அவர்களுடைய ஊகம். ஒரே தரத்தில் பெரிய அளவு கொடுத்தால் கடா மலடாகும், ஆனால் தோலும் நாசமாகும். அதையே சிறுசிறு பங்குகளாகப் பல நாட்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் மலடாகும், தோல் தப்பும். அதே பரிஸில் ஹென்றி கூட்டார்ட் இந்த முறையைத் தொண்டைப் புற்றுநோயாளிகளில் பாவித்து, வாரக்கணக்கில் நீளும் சிகிச்சையாக ஆக்கினார். இன்றைக்கு எங்கட அம்மாக்களுக்கு எழுதப்படுகிற "இருபத்தைஞ்சு கரண்ட்" அங்கே இருந்துதான் வருகிறது. அந்தக் கடாக்களுக்கு யாரும் சிலை வைத்ததாகத் தெரியவில்லை.

றேடியம் என்று இன்னொரு வழியும் இருந்தது. அதன் கதிர்கள் ஆழமாகப் போகும். ஆனால் 1921இல் மேரி கியூரிக்கு ஒரே ஒரு கிராம் றேடியம் அன்பளிப்புச் செய்வதற்காக அமெரிக்கப் பெண்கள் சேர்த்த தொகை ஒரு இலட்சம் டொலர். அந்த விலைக்கு எத்தனை ஆஸ்பத்திரி வாங்கும்?

இனி நாங்கள் கொஞ்சம் நின்று பார்க்க விரும்புகிற இடம், கனடா. ஒன்ராறியோ என்றால் எங்களில் பாதிப் பேருக்கு மாமாவும் சித்தியும் இருக்கிற இடம். இந்தக் கதையில் அது வேற மாதிரி வருகிறது. இரண்டாம் உலகப் போர்க்கால அணு ஆராய்ச்சியின் தொடர்ச்சியாக, ஒன்ராறியோவின் சோக் றிவர் என்ற இடத்தில் என்.ஆர்.எக்ஸ். என்ற அணு உலையை 1947இல் இயக்கத் தொடங்கினார்கள். சாதாரண கோபால்ட் உலோகத்தை அந்த உலைக்குள் நீண்ட காலம் வைத்தால், அது நியூத்திரன்களை உறிஞ்சி கோபால்ட்-60 ஆக மாறும். அதிலிருந்து வரும் காமாக் கதிர்கள் பத்து இலட்சம் வோல்ட்டுக்கு மேற்பட்ட எக்ஸ் கதிர்களுக்குச் சமமான பலம் உடையவை. றேடியத்தோடு ஒப்பிட்டால் விலை மிகக் குறைவு. ஒரு சின்ன நாணயக் குவியல் அளவு உலோகமே ஒரு இயந்திரத்துக்குப் போதும்.

இரண்டு குழுக்கள் ஒரே நேரத்தில் வேலை செய்தன. ஒன்று, எல்டொறாடோ என்ற அரச சுரங்க நிறுவனம். யுரேனியமும் றேடியமும் விற்றுக்கொண்டிருந்த அந்த நிறுவனம் ஒன்ராறியோவின் லண்டன் நகர ஆஸ்பத்திரிக்காக ஒரு இயந்திரத்தைச் செய்தது. மற்றது, சஸ்கச்சுவான் மாகாணத்தின் சஸ்கட்டூன் நகரில் இருந்த பல்கலைக்கழகக் குழு. அதன் தலைவர் ஹறோல்ட் ஜோன்ஸ், மிசனரிப் பெற்றோருக்குச் சீனாவின் செங்டுவில் பிறந்த பௌதிகவியலாளர். அவருடைய இயந்திரத்தைச் செய்துகொடுத்தது பெரிய தொழிற்சாலை ஒன்றும் இல்லை, உள்ளூர்ப் பட்டறை ஒன்றுதான். எங்கட ஊரில் லேத் வைத்திருக்கிற ஐயாவிடம் போய் "புற்றுநோய்க்கு ஒரு மெசின் அடிச்சுத் தாங்கோ" என்று கேட்கிற மாதிரி யோசித்துப் பாருங்கள்.

கோபால்ட் முதலில் போய்ச் சேர்ந்தது சஸ்கட்டூனுக்கு, 1951 யூலையில். லண்டனுக்கு அது ஒக்டோபரில்தான் கிடைத்தது. ஆனால் முதல் நோயாளிக்குச் சிகிச்சை கொடுத்தது லண்டன், ஒக்டோபர் 27இல். சஸ்கட்டூனில் நவம்பர் 8 வரை ஒருவருக்கும் கொடுக்கவில்லை. றொன்ட்ஜன் கண்டுபிடித்த அதே நாள், 56 வருசம் கழித்து. இடையில் கிடந்த மூன்று மாதங்களில் ஜோன்ஸ் என்ன செய்தார் என்பதுதான் எங்களுக்குப் பிடித்த பகுதி. அளந்துகொண்டு இருந்தார்.

மனித உடம்பு பெரும்பாலும் தண்ணீர். அதனால் இப்படியான அளவீடுகளுக்கு உடம்புக்குப் பதிலாகத் தண்ணீரைப் பாவிப்பார்கள். ஒவ்வொரு ஆழத்திலும் எவ்வளவு கதிர்வீச்சு போய்ச் சேருகிறது, கதிர்க் கற்றையின் அகலம் மாறினால் அது எப்படி மாறுகிறது என்று அட்டவணை அட்டவணையாகப் பதிவார்கள். சஸ்கட்டூனில் இந்த வேலையின் பெரும்பகுதியைச் செய்தவர் ஜோன்ஸின் மாணவி சில்வியா பெடொறுக். உக்ரேனியக் குடியேறிகளின் மகள், அப்போது அவருக்கு இருபத்து நாலு வயது. எங்களைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட. அவர் பிற்காலத்தில் சஸ்கச்சுவான் மாகாணத்தின் துணை ஆளுநராகவும் வந்தார், கர்லிங் விளையாட்டில் கனடாவின் தேசிய சம்பியன் அணியிலும் இருந்தார். விருதுப் பட்டியல்களில் அதெல்லாம் இருக்கு. ஆனால் அவருடைய அட்டவணைகள் இல்லாமல் அந்த இயந்திரம் வெறும் ஆபத்தான பெட்டிதான். எவ்வளவு நேரம் திறந்து வைத்தால் எந்த ஆழத்துக்கு எவ்வளவு போகும் என்று தெரியாத கதிர்வீச்சை எந்த வைத்தியர் நம்பிப் பாவிப்பார்?

அந்த அளவீடுகளில் தெரிந்த நல்ல செய்தி, கோபால்டின் கதிர்கள் தோலில் உச்சத்தை அடைவதில்லை, தோலுக்குக் கீழே அரைச் சென்ரிமீற்றர் அளவில்தான் அடைகின்றன. ஐம்பது வருசமாக நோயாளிகளைப் படுத்திய தோல் எரிவு இதோடு பெருமளவு குறைந்தது. சஸ்கட்டூனின் முதல் நோயாளி, கருப்பைக் கழுத்தில் முற்றிய புற்றுநோயோடு வந்த நான்கு பிள்ளைகளின் தாய். சுகமாகிப் பல பத்தாண்டுகள் வாழ்ந்தார். அந்த இயந்திரம் 1972 வரை ஓடியது, 6,728 பேருக்குச் சிகிச்சை கொடுத்தது.

பத்திரிகைகள் இந்த இயந்திரத்துக்கு வைத்த பெயர் "கோபால்ட் குண்டு". ஒரு வருசத்துக்கு முதல்தான், 1950இல், லியோ சிலார்ட் என்ற அணு விஞ்ஞானி அமெரிக்க வானொலியில் வேறொரு கோபால்ட் குண்டைப் பற்றி எச்சரித்திருந்தார். உலகத்தையே மனிதர் வாழ முடியாத இடமாக்கக்கூடிய ஆயுதம் அது. ஒரே உலோகம், ஒரே காலம், ஒரே பெயர். கனடியப் பத்திரிகையாளர்கள் அதைப் பகிடியாக வைத்தார்களா, நம்பிக்கையாக வைத்தார்களா என்று நாங்கள் எங்களுக்குள்ளேயே வாக்குவாதப்பட்டோம். முடிவு வரேல்லை.

போரில் இருந்து வந்த இன்னொரு பிள்ளை, நேர்கோட்டு முடுக்கி. ஸ்டான்போர்டில் வேரியன் சகோதரர்கள் 1937இல் செய்த கிளைஸ்ட்ரன், 1940இல் பேர்மிங்காமில் செய்யப்பட்ட மக்னெட்ரன் ஆகிய இரண்டும் போர்க்காலத்தில் ராடருக்குத் தேவையான நுண்ணலைகளைத் தந்தவை. போர் முடிந்த பிறகு அதே நுண்ணலைகளைக் கொண்டு ஒரு செப்புக் குழாய்க்குள் இலத்திரன்களை வேகமாகத் தள்ளி, உலோகத் தகடு ஒன்றில் மோதவிட்டுப் பலமான எக்ஸ் கதிர்களை எடுத்தார்கள். 1953இல் லண்டன் ஹமர்ஸ்மித் ஆஸ்பத்திரியில் (இது இங்கிலாந்து லண்டன்) முதல் நோயாளிக்குச் சிகிச்சை நடந்தது. 1956இல் வைத்தியர் ஹென்றி கப்லானும் பௌதிகவியலாளர் எட்வேர்ட் கின்ஸ்ரனும் ஸ்டான்போர்டின் இயந்திரத்தை ஒரு சின்னப் பெடியனுக்குப் பாவித்தார்கள். விழித்திரைப் புற்றுநோய். ஒரு கண் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது. மற்றக் கண்ணைப் பார்வையோடு காப்பாற்றினார்கள். முடுக்கிக்குள் ஓயாமல் கதிர்வீசுகிற உலோகம் இல்லை. சுவிட்சை நிற்பாட்டினால் கதிர்களும் நிற்கும். இதுக்குத்தான் "கரண்ட்" என்ற சொல் ஓரளவாவது பொருந்தும்.

வடிவமைக்கிற கதை தனி. கட்டி ஒருபோதும் சதுரமாக இருப்பதில்லை, கற்றையோ சதுரமாகத்தான் வரும். அதனால் ஒவ்வொரு நோயாளிக்கும் கிட்டத்தட்ட 70 பாகை செல்சியஸில் உருகுகிற ஒரு கலப்புலோகத்தை அச்சில் ஊற்றித் தடுப்புக் கட்டைகள் செய்தார்கள். பாரமான கட்டைகள், அதற்குள் ஈயமும் கட்மியமும். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கோணத்துக்கும் தூக்கி மாட்டவேண்டும். யப்பானின் நகோயாவில் ஷின்ஜி தகஹாஷி 1960களில் யோசித்த முறை வேற. கட்டைக்குப் பதிலாக, தனித்தனியாக நகரக்கூடிய மெல்லிய உலோகத் தகடுகளின் வரிசை. இயந்திரம் நோயாளியைச் சுற்றி வரும்போது, அந்தந்தக் கோணத்தில் கட்டி எப்படித் தெரியுமோ அந்த வடிவத்தில் தகடுகள் திறக்கும். அதைச் சரியாகச் செய்யக் கணினி வேண்டும், உடம்புக்குள்ளே கட்டி எங்கே இருக்கு என்று தெரியவும் வேண்டும். 1971இல் இங்கிலாந்தில் ஹவுன்ஸ்பீல்டின் சி.ரி. ஸ்கானர் முதல் நோயாளியின் மூளையைப் படம் எடுத்த பிறகுதான் இரண்டாவது தேவைக்கு வழி பிறந்தது. 1990களில் தகடுகளும் கணினியும் சேர்ந்து, கற்றையின் ஒவ்வொரு பகுதியின் பலத்தையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கிற அளவுக்கு வந்துவிட்டன. கண் நரம்பு, முள்ளந்தண்டு, உமிழ்நீர்ச் சுரப்பி என்று பக்கத்தில் கிடக்கிறவற்றைத் தப்பவைக்க முடிந்தது இதனால்தான்.

ஆனால் கணினி உள்ளே வந்த அதே கதையில் இன்னொரு அத்தியாயமும் இருக்கு. அதைத் தாண்டிப் போவது நேர்மையில்லை.

1951இல் கோபால்ட் இயந்திரம் செய்த எல்டொறாடோவின் அந்த வர்த்தகப் பிரிவு, அடுத்த வருசமே ஏ.ஈ.சி.எல். என்ற புதிய அரச அணுசக்தி நிறுவனத்துக்கு மாற்றப்பட்டது. அந்த நிறுவனம் 1980களில் தெராக்-25 என்ற முடுக்கியை விற்றது. அமெரிக்காவில் 5, கனடாவில் 6, மொத்தம் 11 இயந்திரங்கள். இரண்டு விதமாக வேலை செய்யும். மெல்லிய இலத்திரன் கற்றையை நேரடியாகக் கொடுக்கலாம். அல்லது அதைவிட நூறு மடங்களவு பலமான கற்றையை உலோகத் தகட்டில் மோதவிட்டு எக்ஸ் கதிர் கொடுக்கலாம். எது வேண்டுமோ அதற்குரிய கருவியை ஒரு சுழல்தட்டு கற்றையின் முன்னால் கொண்டுவந்து வைக்கும். பலமான கற்றை வரும்போது தகடு முன்னால் இல்லையென்றால், என்ன நடக்கும் என்று பௌதிகவியல் படிக்காத எங்களுக்கே விளங்குது.

முந்தைய மாதிரியான தெராக்-20இல் இதைத் தடுக்கத் தனியான மின்சுற்றுப் பூட்டுகள் இருந்தன. தெராக்-25இல் அவற்றை எடுத்துவிட்டு, அந்தப் பொறுப்பைப் பெருமளவு மென்பொருளிடம் கொடுத்தார்கள். மென்பொருள் பழைய மாதிரியில் இருந்து வந்தது, அதை எழுதியது ஒரே ஒருவர். பழைய மாதிரியில் பிழை வரவில்லையே என்ற நம்பிக்கை. உண்மையில் அதே பிழை தெராக்-20இலும் இருந்தது. அங்கே பூட்டுகள் பிடித்துவிட்டன, பியூஸ் எரிந்தது, அவ்வளவுதான். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

1985 யூனில் இருந்து 1987 ஜனவரி வரை ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சு போனது. ஆரம்பத்தில் கேட்டவர்களுக்கு, இந்த இயந்திரத்தால் அப்படி நடக்க முடியாது என்றே நிறுவனம் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. 1986 மார்ச்சில் ரெக்சாஸின் டைலர் நகரில், இயந்திரத்தை இயக்கிய பெண் இலத்திரனுக்குரிய 'ஈ' எழுத்துக்குப் பதிலாகப் பழக்கதோசத்தில் 'எக்ஸ்' அடித்துவிட்டார். உடனே மேலே போகிற அம்பு விசையால் போய்த் திருத்தினார். திரையில் எல்லாம் சரி. இயக்கினார். "மல்பங்ஷன் 54" என்று வந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று கையேட்டில் விளக்கம் இல்லை. இப்படியான செய்திகள் அந்த இயந்திரத்தில் அடிக்கடி வருவதால், 'தொடர்க' என்ற விசையை அமத்தினார். அறைக்குள் இருந்த நோயாளியைக் காட்டவேண்டிய கமெரா அன்றைக்கு இணைக்கப்படாமல் இருந்தது, பேசுகிற கருவியும் பழுது. அவர் கத்தினது வெளியே கேட்கவில்லை. போகவேண்டிய அளவு 180 ராட். போனது 16,500இல் இருந்து 25,000 வரை இருக்கலாம் என்று பிறகு மதிப்பிட்டார்கள். ஐந்து மாதத்தில் அவர் இறந்துபோனார்.

நிறுவனத்தின் பொறியியலாளர்கள் வந்து பார்த்தார்கள். பிழையை மீண்டும் வரவைக்க முடியவில்லை. ஏப்ரலில் இயந்திரம் திரும்ப வேலைக்கு விடப்பட்டு, சில நாட்களிலேயே இரண்டாவது நோயாளிக்கும் அதே கதி. அதே "54".

பிழையைக் கண்டுபிடித்தது அந்த ஆஸ்பத்திரியின் பௌதிகவியலாளர் பிறிட்ஸ் ஹேகரும், இயந்திரத்தை இயக்கிய அதே பெண்ணும். என்ன அடித்தோம், எந்த வரிசையில் அடித்தோம் என்று அவர் ஞாபகப்படுத்த, இருவரும் திரும்பத் திரும்ப முயன்றார்கள். கடைசியில் பிடிபட்டது வேகம். காந்தங்கள் தங்களைச் சரிசெய்துகொள்ள எடுக்கிற எட்டு செக்கன்களுக்குள் திருத்தி முடித்துவிட்டால், திரை திருத்தத்தைக் காட்டும், ஆனால் இயந்திரத்தின் ஒரு பகுதி பழைய கட்டளையிலேயே நிற்கும். பரிசோதிக்க வந்தவர்கள் மெதுவாக அடித்தார்கள், அதனால் பிழை வரவில்லை. ஆயிரக்கணக்கான தடவை செய்து கை வேகமாகிவிட்டவருக்குத்தான் அது வந்தது. அதாவது வேலையில் கெட்டிக்காரருக்கு.

நிறுவனம் முதலில் அனுப்பிய தீர்வைக் கேட்டால் சிரிக்கிறதா அழுகிறதா என்று தெரியாது: விசைப்பலகையில் அந்த மேல் அம்பு விசையின் மூடியைக் கழற்றி எடுத்து, கீழே உள்ள தொடுப்பை மின்சார ரேப்பால் ஒட்டிவிடுங்கள். அமெரிக்க அதிகாரிகள் அது போதாது என்றார்கள். 1987 ஜனவரியில் வொஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமாவில் வேறொரு மென்பொருள் பிழையால் இன்னொரு விபத்து நடந்த பிறகுதான், மென்பொருளை நம்பாமல் தனியாக நின்று கற்றையை வெட்டிவிடுகிற மின்சுற்றும், சுழல்தட்டு உண்மையில் எங்கே நிற்கிறது என்று பார்க்கிற கருவியும் பொருத்தப்பட்டன. பழைய இயந்திரத்தில் இருந்து கழற்றின விசயம் வேற உருவத்தில் திரும்பி வந்தது.

அதே 1987இல் பிறேசிலின் கொயானியாவில் நடந்தது மறுபக்கம். கைவிடப்பட்ட ஒரு சிகிச்சை நிலையத்தில் பழைய கதிர்ச் சிகிச்சை இயந்திரம் ஒன்று கிடந்தது. உள்ளே கோபால்ட் இல்லை, சீசியம். பழைய இரும்பு சேர்க்கிறவர்கள் அதன் தலையைக் கழற்றிக்கொண்டு போனார்கள். இருட்டில் நீலமாக ஒளிர்ந்த தூளை வீட்டுக்கு வீடு பங்கிட்டார்கள். நான்கு பேர் இறந்தார்கள், அதில் ஒருவர் ஆறு வயதுச் சிறுமி. சுவிட்சால் நிற்பாட்ட முடியாத இயந்திரத்துக்கு வயது போனபிறகும் காவல் வேண்டும்.

அதற்காகக் கோபால்டைப் பழசு என்று தூக்கி எறியச் சொல்கிறவர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை. முடுக்கிக்கு ஏற்றத்தாழ்வில்லாத மின்சாரம், குளிராக்கல், அடிக்கடி பராமரிக்கிற பொறியியலாளர் எல்லாம் வேண்டும். கரண்ட் போய்வருகிற நாடுகளில் கோபால்ட் நின்று உழைத்திருக்கிறது. ஐந்து வருசத்துக்கு ஒருமுறை பலம் பாதியாகும், நேரத்தைக் கூட்டிக்கொண்டு பிறகு புது உலோகம் மாற்றவேண்டும்.

றெகோவின் கடாக்கள் சொல்லித்தந்த முறையில் ஒரு விலை ஒளிந்திருக்கிறது. சிகிச்சையைப் பல நாட்களுக்குப் பிரித்தால் நோயாளி பல நாள் வரவேண்டும். மேசையில் கிடப்பது சில நிமிசம்தான், ஆனால் இயந்திரம் நானூறு கிலோமீற்றர் தூரத்தில் மகரகமவில் இருந்தால் அந்த இருபத்தைஞ்சு நாளும் அங்கே தங்கவேண்டும், கூட ஒருவர் நிற்கவேண்டும், வீட்டில் வருமானம் நிற்கும். மொழி தெரியாத அலைச்சல் வேற. 2011இல் தெய்வேந்திரமுனையில் இருந்து பருத்தித்துறை வரை, நாட்டின் ஒரு முனையில் இருந்து மற்ற முனைக்கு 27 நாட்கள் கொஞ்சப்பேர் நடந்தார்கள். வழியெல்லாம் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து நடந்தார்கள், காசு சேர்த்தார்கள். அது தெல்லிப்பழையில் புற்றுநோய் ஆஸ்பத்திரி கட்டுவதற்கு.